உளறினால் சிரிக்காதீர்கள்!

மே மாத ஞாயிறு. எங்கள் தெரு டீமுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் கிரிக்கெட் மேட்ச். தோற்கிறவர்கள் பிரியாணி வாங்கித் தரவேண்டும்.

காலை பதினோரு மணி. வாரம் முழுக்க ஏ.ஸி. ரூமில் உட்கார்ந்திருக்கும் என் நண்பன்தான் எங்கள் வேகப்பந்து வீச்சாளன். ஏழாவது ஓவரில் ஓடி வந்தவன், பந்தைப் போடாமல் நின்றான்.

''ஏண்டா, தாம்பரம் வண்டி போயிடுச்சா?''

மைதானமே சிரித்தது. நானும்தான். அடுத்த நிமிஷம் தடாலென்று விழுந்தான்.

உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. ''வேர்க்குதே... அப்ப ஹீட் ஸ்ட்ரோக் இல்லைப்பா'' என்று தீர்ப்புச் சொன்னேன். நான் படித்தது பி.காம்.!

நல்லவேளை, எதிர் டீமில் ஒரு டாக்டர் இருந்தார். ''ஓடி விளையாடறப்ப வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல வேர்வையும் இருக்கும் சார்! தண்ணியக் கொண்டாங்க!'' என்று கத்தினார். நிழலில் கிடத்தி, ஷூ, சட்டையைக் கழற்றி, குடம் குடமாகக் கொட்டினோம். கடையிலிருந்து ஐஸ் வந்தது. ஸ்கோர் நோட்டால் விசிறினோம். 108 வருவதற்குள் கண் திறந்தான்.

அப்புறம் டாக்டர் பாடம் நடத்தினார். நம் உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி செல்ஷியஸ். ஓடும்போது தசைகள் சூட்டைக் கிளப்பும். வியர்வை உலர்ந்தால்தான் அது தணியும். சென்னையின் ஈரக் காற்றில் வியர்வை சொட்டுமே தவிர, சுலபத்தில் உலராது. சூடு 40-ஐத் தாண்டி, பேச்சும் தடுமாறினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் மாத்திரை உதவாது. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை குளிரவைத்துக்கொண்டே இருக்கவேண்டும். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், ஏ.ஸி.யிலிருந்து நேரே மைதானத்தில் குதிக்கக்கூடாது.

டீன் ஜோன்ஸ் ஞாபகம் வந்தது. 1986-ல் சேப்பாக்கத்தில் வாந்தியும் தசைப்பிடிப்புமாக 210 ரன் அடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிக்கொண்டவர். 'வீரம்' என்று கைதட்டினோம். அது செப்டம்பர் மாதம்! அதன்பின் பூமியே சூடாகிவிட்டது. 2024 வரை பதிவான ஆண்டுகளில் அதிகம் கொதித்தது 2024-தான்.

இப்போது எங்கள் மேட்ச் காலை ஆறு மணிக்கு. எட்டரைக்கு ஸ்டம்பைப் பிடுங்கிவிடுகிறோம்.

நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய நண்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: ''நான் உளறினப்ப நீயுமாடா சிரிச்சே?''

பதில் சொல்லவில்லை. பிரியாணி மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.