இடம் மாறிய செடியும் நமது பொறுமையும்

திண்ணையிலும் தறிக்கூடத்துச் சன்னலோரத்திலும் தொட்டிச் செடிகளைப் பேணி வளர்க்கும் அங்கத்தினர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்களுக்கு அடிக்கடி நேரும் ஒரு நஷ்டத்தைப் பற்றி ஈண்டுச் சில சொல்ல விரும்புகிறோம்.

முற்றத்து வெயிலில் தழைத்திருந்த குரோட்டன் செடி ஒன்றை உள் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். ஒரு வாரத்திற்குள் இலைகள் ஒவ்வொன்றாக உதிரலாயின. பதறிப்போய் இரு வேளையும் தண்ணீர் வார்த்தோம், உரமும் இட்டோம். செடி பட்டுப்போயிற்று. அதைக் கொன்றது இடமாற்றமன்று, நமது பதற்றமே என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

வெயிலில் வளர்ந்த இலை தடித்திருக்கும். நிழலில் வளர்ந்தது மெல்லியதாய் இருக்கும். வெயிலுக்கென அமைந்த இலை, நிழலில் தான் ஆக்கும் உணவினும் மிகுதியாகச் செலவிடுகிறது. வரவுக்கு மீறிய அச்செலவைச் செடி தானே குறைத்துக்கொள்கிறது. ஆகவே, இலையுதிர்வு சாவின் அறிகுறியன்று. கணக்கைச் சரிசெய்யும் முயற்சியே. வெளிச்சம் குறைந்தால் செடி உறிஞ்சும் நீரும் குறையும். அப்பொழுதும் வழக்கம்போல் நீர் வார்த்தால், மண்ணிற் காற்றுப் புகாமல் வேர் அழுகிவிடும்.

ஆதலின், விரலை ஓர் அங்குலம் மண்ணிற் செலுத்திப் பார்த்து, ஈரம் இல்லாவிடில் மட்டுமே நீர் வார்க்க வேண்டும். புதுத் தளிர் காணும்வரை உரமிடுதலும், வேறு தொட்டிக்கு மாற்றுதலும் கூடா. இலை உதிர்கிறதேயென்று நாளுக்கொரு மூலையில் வைப்பது பெருந்தவறு. செடி ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழக நேரிடும்.

நிழற் செடியை வெயிலுக்குக் கொணர்வோர் மேலும் கவனமாயிருத்தல் அவசியம். முதலிற் காலை இளவெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, நாள்தோறும் சிறிது கூட்டி, 10 முதல் 14 நாட்களிற் பழக்குதல் நன்று. ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகும். கருகிய பகுதி மீண்டும் பசுமையுறாது.

இலையெல்லாம் உதிர்ந்தாலும் செடியை உடனே எறிந்துவிட வேண்டாம். தண்டை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. சில வாரங்களில் துளிர்க்கக்கூடும்.

புதுப் பாவைத் தறியில் ஏற்றியவுடன் விரைந்து அடித்தால் இழை அறும் என்பதை நெசவாளர் அறிவர். நாற்றை நட்ட மறுநாளே கதிரை எதிர்பார்ப்பார் இலர் என்பதை உழவர் அறிவர். தொழிலிற் காட்டும் அப்பொறுமையை வீட்டுத் தொட்டிச் செடியினிடத்தும் காட்டுவோமாக.