பழைய விலையில்லா மடிக்கணினி: எதற்கு உதவும், எங்கே கைவிடும்?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு அது உயிர்நாடியாக இருந்தது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய ஊரக வீடுகளில் 4.4 விழுக்காட்டிலும் நகர்ப்புற வீடுகளில் 23.4 விழுக்காட்டிலும் மட்டுமே கணினி இருந்தது. சேரியின் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அரசு தந்த அந்தக் கருவியே வீட்டின் முதல் கணினி. அக்காவிடமிருந்து தம்பிக்குக் கைமாறி இன்றும் அது உழைக்கிறது. “பழசு, தூக்கிப் போடு” என்பது புதிதாய் வாங்க வழியுள்ளோரின் அறிவுரை. வழியற்றோர் அதன் வலிமையையும் வரம்பையும் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் வலிமை. முழு அளவு விசைப்பலகை, 14 அங்குலத் திரை ஆகிய இரண்டும் எந்தக் கைப்பேசியிலும் இல்லை. ஆய்வேட்டைத் தமிழில் தட்டச்சு செய்யவும், கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்குச் சான்றிதழ்களை உரிய அளவில் சுருக்கிப் பதிவேற்றவும் அவை தேவை. மேலும், இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. பழையவற்றிலோ திருகாணிகளைக் கழற்றினால் ரேமையும் வன்தட்டையும் மாற்றிவிடலாம்.

இனி வரம்பு. 2 அல்லது 4 ஜிபி ரேமும் சுழலும் வன்தட்டும் இன்றைய உலாவிக்குப் போதா; நான்கு பக்கங்களைத் திறந்தாலே திணறும். பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். மின்வெட்டு வந்தால் இணைய வகுப்பு அறுந்துபோகும். செயலியை மாற்ற இயலாது. காணொலித் தொகுப்பு போன்ற கனமான பணிகளை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இத்தகைய பழைய செயலிகளை ஏற்பதில்லை. வங்கிக் கணக்கும் ஆதாரும் கையாளப்படும் கருவியில் இது சிறு குறையன்று.

ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவச் சிறு பேட்டரி தீர்ந்தால் கணினியின் தேதி பின்னோக்கிப் போய்விடும். அப்போது பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இணைய இணைப்பே கெட்டுவிட்டதென மாணவர் தவிப்பார். முதலில் தேதியைச் சரிபாருங்கள்; பிறகு அந்தப் பேட்டரியை மாற்றுங்கள். மிகக் குறைந்த செலவில் முடியும் பழுது இது.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் எதை முதலில் மாற்றுவது? கோப்புகளைப் படியெடுத்துவிட்டு, வன்தட்டின் இடத்தில் சாட்டா வகை எஸ்.எஸ்.டி. பொருத்துங்கள், வேக மாற்றம் உடனே தெரியும். அடுத்து ரேம். டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று பொருந்தா. பழைய ரேமைக் கடைக்குக் கொண்டுசென்று ஒப்பிட்டு வாங்குங்கள். மூன்றாவதாக, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது லுபுண்டு நிறுவலாம். இரண்டும் இலவசம், பாதுகாப்புப் புதுப்பிப்பும் கிடைக்கும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் காத்திராமல் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள்.

எனினும், இந்தச் செலவை ஏன் மாணவரே சுமக்க வேண்டும்? கொடுத்த நாளோடு கடமை முடிந்ததென அரசு கருதுகிறது. கருவியோ அன்றுதான் தேயத் தொடங்குகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் கணினி மிகவும் தேவைப்பட்டபோது திட்டமே தடைபட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது. வரவேற்போம். அதோடு, ஆதிதிராவிடர் நல விடுதிகள்தோறும் பழுதுநீக்கும் வசதியும், உதிரிப்பாகங்களுக்கான நிதியும் வேண்டுமெனக் கேட்போம். இணைய அணுகல் கல்வியுரிமையின் பகுதி எனக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இலேயே கூறிவிட்டது. பழுதான கருவியை வைத்துக்கொண்டு அந்த உரிமையை எப்படித் துய்ப்பது?

கணினியைப் பழுதுபார்ப்பதும் உரிமையைக் கேட்பதும் ஒருசேர நடக்கட்டும். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.