1962-ல் வந்த படம் 4கே டிவியில் பளிச்னு தெரிவது எப்படி? சில டிஸ்க்கில் மட்டும் முகம் மெழுகு மாதிரி இருப்பது ஏன்?

பழைய படம்னாலே மங்கலாத்தான் இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கேசட்டிலும் பழைய டிவியிலும் பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். ஆனால் 1962-ல் வெளியான 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வின் 4கே டிஸ்க்கைப் பெரிய டிவியில் போட்டுப் பாருங்க. 2002-ல் டிஜிட்டல் கேமராவில் எடுத்த 'ஸ்டார் வார்ஸ்: அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' படத்தைவிட இதில் நுணுக்கம் அதிகம். 40 வருஷம் மூத்த படம் எப்படி ஜெயிக்குது?

எல்லாம் ஃபிலிமின் அகலம்

பெரும்பாலான படங்கள் 35 எம்எம் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. இயக்குநர் டேவிட் லீனும் ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங்கும் லாரன்ஸ் படத்தை 65 எம்எம் நெகட்டிவில் எடுத்தார்கள். ஒரு ஃபிரேமின் பரப்பளவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. (தியேட்டருக்குப் போன பிரிண்ட்தான் 70 எம்எம். அந்தக் கூடுதல் இடம் ஒலித்தடங்களுக்கு.)

2002 ஸ்டார் வார்ஸ் பதிவானதே 1080 வரிகளில். அதில் இல்லாத நுணுக்கத்தை இனி யாராலும் வெளியே எடுக்க முடியாது. ஃபிலிம் அப்படியில்ல. நல்ல ஸ்கேனர் வர வர, உள்ளே இருப்பது இன்னும் தெளிவாக வெளியே வரும். ஆனால் அதுக்கு நெகட்டிவ் பிழைத்திருக்கணுமே!

நெகட்டிவ் பட்ட பாடு

லண்டனில் முதலில் திரையிட்டபோது படத்தின் நீளம் 222 நிமிடம். படம் ரொம்ப நீளம் என்று சீக்கிரமே வெட்டினார்கள். 1970-களின் தொடக்கத்தில் மறுவெளியீட்டுக்காக மறுபடியும் வெட்ட, மிஞ்சியது 187 நிமிடம்.

1980-களின் கடைசியில் ராபர்ட் ஹாரிஸ் என்ற மீட்பு நிபுணர், வெட்டிப்போட்ட துண்டுகளைத் தேடிச் சேர்த்தார். பல காட்சிகளில் படம் இருந்தது, குரல் இல்லை. அதனால் பீட்டர் ஓ'டூல், அலெக் கின்னஸ், ஆண்டனி க்வின் ஆகியோர் 25 வருஷத்துக்குப் பிறகு தங்கள் வசனத்தைத் தாங்களே மறுபடியும் பேசினார்கள். ஜாக் ஹாக்கின்ஸ் 1973-லேயே இறந்துவிட்டார். அவருக்காகச் சார்ல்ஸ் கிரே குரல் கொடுத்தார். 1989-ல் படம் மீண்டும் தியேட்டருக்கு வந்தது.

அதோடு முடியல. 50-ஆவது ஆண்டையொட்டி 2012-ல் சோனி நிறுவனம் மூல நெகட்டிவை 8கே-யில் ஸ்கேன் செய்தபோது, சில இடங்களில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. படப்பிடிப்பின்போதே பாலைவன வெப்பம் ஃபிலிமின் ரசாயனப் படலத்தில் போட்ட கோடுகள் அவை! அவற்றை டிஜிட்டலில் சரிசெய்த பிறகுதான் ப்ளூ-ரே வந்தது. 2020-ல் 4கே டிஸ்க், அதுவும் ஒரே படத்துக்கு இரண்டு டிஸ்க்.

கேசட்டில் ஓமர் ஷெரீஃப் எங்கே?

தூரத்துக் கானல்நீரில் ஒரு சின்னப் புள்ளி. அது மெல்ல மெல்ல ஒட்டகத்தில் வரும் மனிதனாக மாறும். அவர்தான் ஓமர் ஷெரீஃப். உலகப் புகழ்பெற்ற அறிமுகக் காட்சி இது. விஹெச்எஸ் கேசட்டின் கிடைமட்டத் தெளிவு சுமார் 240 வரிகள்தான். போதாததுக்கு, பழைய டிவியின் சதுரத் திரையை நிரப்ப ஃபிரேமில் 40 சதவீதம் வரை வெட்டிவிடுவார்கள். அந்தப் புள்ளி அதில் எங்கே தெரியும்? அப்படிப் பார்த்தவர்கள் 'என்னப்பா, ஒண்ணுமே நடக்கல' என்று சொல்லியிருந்தால் அது அவங்க தப்பில்ல.

மெழுகு முகம் எப்படி வருது?

ஃபிலிமில் இயல்பாகவே ஒரு மணல் போன்ற துகள் தெரியும். அதைத்தான் 'கிரெய்ன்' என்கிறார்கள். அழுக்கு என்று நினைத்து அதை மென்பொருளால் துடைத்தால், கூடவே தோல் சுருக்கமும் துணியின் இழையும் போய்விடும். 2010-ல் வந்த 'ஸ்பார்ட்டகஸ்' ப்ளூ-ரேயில் இதுதான் நடந்தது. பழைய மாஸ்டரை எடுத்து மெருகேற்றியதாக ரசிகர்கள் கொதித்தார்கள். அதன்பின் யுனிவர்சல் நிறுவனம் மூல நெகட்டிவிலிருந்து புதிதாக மீட்டெடுத்து 2015-ல் வெளியிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே படம் என்றே நம்ப முடியாது. அதனால் அட்டையில் '4கே' என்று இருப்பதைவிட, எதிலிருந்து, எந்த வருஷம் ஸ்கேன் செய்தார்கள் என்பதுதான் முக்கியம்.

வீட்டில் பார்க்கும்போது...

ஸ்ட்ரீமிங்கிலும் 4கே உண்டு. ஆனால் டிஸ்க்கில் நொடிக்கு 100 மெகாபிட் வரை தகவல் வரலாம், ஸ்ட்ரீமிங்கில் அதில் ஒரு பகுதிதான். முதலில் அடிவாங்குவது கிரெய்னும் ஒலியும். 70 எம்எம் பிரிண்ட்டில் ஆறு தடத்தில் இருந்த ஒலி, டிவியின் சின்ன ஸ்பீக்கரில் சுருங்கிப்போகும். ஒரு சவுண்ட்பார் இருந்தாலே வித்தியாசம் கேட்கும்.

டிவியில் 'மோஷன் ஸ்மூத்திங்' இருந்தால் அணைத்துவிடுங்க, இல்லன்னா பாலைவனமும் சீரியல் செட் மாதிரி ஆகிடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருதேன்னு ஜூம் அழுத்தினால், ஐந்தில் ஒரு பங்கு படம் காணாமல் போகும். இன்னொண்ணு: லாரன்ஸ் படம் தொடங்கியதும் சுமார் நான்கு நிமிடம் கறுப்புத் திரையில் இசை மட்டும்தான் வரும். மோரிஸ் ஜாரின் முன்னிசை அது. டிவி ரிப்பேர்னு ரிமோட்டைத் தட்டாதீங்க.