பயம் இருக்கு... வழி இருக்கா?

என் ஆபீஸ் நண்பர் ஒருவர். காலை பதினோரு மணி ஆனால் டீக்கடையில் ஆஜர். ஒரு கையில் டீ, மறு கையில் சிகரெட்.

"அட்டையில போட்டிருக்கிற கேன்சர் படத்தைப் பார்த்தா பயமா இல்லையா சார்?" என்றேன்.

"பயமில்லாம என்ன... அந்தப் பயத்துலதான் இன்னொண்ணு பத்த வைக்கறேன்!"

சிரிக்காதீர்கள். வெறுமனே பயமுறுத்தினால் மனுஷன் திருந்த மாட்டான் என்பது மனோதத்துவம் எப்போதோ கண்டுபிடித்த சமாச்சாரம்.

1965-ல் வெளியான ஆய்வு இது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தாலும் அவருடைய சகாக்களும் கடைசி வருஷ மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றி ஒரு கையேடு கொடுத்தார்கள். சிலருக்குக் குலைநடுங்க வைக்கிற கையேடு. சிலருக்குச் சாதுவான கையேடு. நடுங்கியவர்கள், 'ஊசி போட்டுக்கறோம்' என்று பலமாகவே தலையாட்டினார்கள். போய்ப் போட்டுக்கொண்டவர்கள்? நூற்றுக்கு சுமார் 3 பேர்!

இன்னும் சிலருக்குக் கையேட்டோடு ஒரு மேப். அதில் காலேஜ் ஆஸ்பத்திரியைச் சுற்றி ஒரு வட்டம். 'எந்த நேரத்தில் போகலாம்னு இப்பவே முடிவு பண்ணிக்கோ' என்று ஒரு யோசனை. அவ்வளவுதான், நூற்றுக்கு 28 பேர் போனார்கள். கடைசி வருஷம் படிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி எங்கே என்று தெரியாதா என்ன? தெரியும். ஆனால் 'போகணும்' என்பது வேறு, 'இந்த வழியா, இத்தனை மணிக்கு' என்பது வேறு.

நம் ஊருக்கு வருவோம். சிகரெட் பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் வந்தது 2009-ல். 2016 ஏப்ரலில் அது அட்டையின் இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தைப் பிடித்துக்கொண்டது. பலன் இல்லாமல் இல்லை. எச்சரிக்கையைப் பார்த்து 'விட்டுடலாமா' என்று யோசித்த சிகரெட்வாசிகள் 2009-10 சர்வேயில் 38 சதவீதம். 2016-17-ல் 62 சதவீதம்.

யோசித்தார்கள், சரி. அப்புறம்? வட்டம் போட்ட மேப் வேண்டாமா? அது 2018 செப்டம்பரில் வந்தது. படத்தோடு ஒரு இலவச போன் நம்பர். கூப்பிட்டால் சிகரெட்டை விட ஆலோசனை சொல்வார்கள்.

விஷயத்தை நண்பரிடம் உற்சாகமாகச் சொன்னேன். "நாளைக்குப் பார்க்கலாம்கிற பேச்சே வேண்டாம் சார். வெள்ளிக்கிழமை, பதினோரு மணி, டீக்கு பதிலா ஒரு போன். நம்பர் பாக்கெட்லயே இருக்கு."

நண்பர் பரிதாபமாகப் பார்த்தார்.

"நான் எங்கே சார் பாக்கெட் வாங்கறேன்? லூஸ்லதானே வாங்கறேன்!"

ஒத்தை சிகரெட் வாங்குகிறவர் கைக்குப் படமும் வராது, நம்பரும் வராது. சட்டம் போடுகிறவர்கள் அடுத்து யோசிக்க வேண்டிய இடம் அந்தப் பெட்டிக்கடைதான்.

அதுவரை நம்மால் ஆனது, 1800-11-2356. குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே கிழமையையும் மணியையும்!