'இல்லை' என்பதில் தவறாத சல்லடை

லினக்ஸ் நிரலின் கோப்பொன்றைக் கணித்திரையில் திறந்து, கடைசியாகத் திருத்தியவர் யாரெனக் கேட்கிறோம். விடை தாமதிப்பதேன்? லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் அமைத்த கிட் முறையில் கோப்புக்கெனத் தனி வரலாறு இல்லை. ஒவ்வொரு பதிவும் எல்லாக் கோப்புகளின் அன்றைய நிலையையே குறிக்கும். பதிவுகளோ பத்து லட்சத்துக்கும் மேல்! பின்னோக்கி ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

இங்கே உதவுவது பர்ட்டன் புளூம் 1970இல் வெளியிட்ட சல்லடை. பதிவுக்கு ஒரு பிட்வரிசை. மாறிய கோப்பின் பெயரைக் கொண்டு கணக்கிட்டு, அதில் 7 இடங்களில் 1 இடுவார்கள். நாம் தேடும் கோப்புக்குரிய இடங்களில் ஒன்று 0 ஆயினும், அப்பதிவு அதைத் தொடவில்லை; தாண்டிவிடலாம். ஏழும் 1 என்றால்? பிற பெயர்களின் குறிகள் தற்செயலாகக் கூடியிருக்கலாம். திறந்து பார்த்தே தீரவேண்டும். கோப்புக்கு 10 பிட் ஒதுக்கினால், இவ்வாறு ஏமாறுவது நூற்றுக்கு ஒன்றளவே. 2020இல் வந்த கிட் 2.27 இவ்வசதியைச் சேர்த்தது.