இலத்திரனியல் தோல்: தொடுகையை அளக்கும் இயந்திரங்கள்

மாணவர்களே, கண்களை மூடிக்கொண்டு ஒரு முட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டுமென யாரும் உங்களுக்குச் சொல்லித் தருவதில்லை. ஆயினும் முட்டை உடைவதுமில்லை, நழுவி விழுவதுமில்லை. இதற்கு உதவுவது தோல் என்னும் புலனங்கமாகும்.

சாதாரண ரொபோவின் கைக்கு இவ்வசதி இல்லை. செயற்கைக் கை பொருத்தியவரும் பொதுவாகக் கண்ணால் பார்த்தபடியே பொருளைப் பிடிக்க வேண்டியுள்ளது. போரினாலும் மிதிவெடியினாலும் அவயவங்களை இழந்த பலர் வாழும் நமது நாட்டில் இது எத்துணை பெரிய குறை என்பதை விளக்கத் தேவையில்லை. இக்குறையை நீக்க விஞ்ஞானிகள் உருவாக்கிவரும் மெல்லிய, வளையக்கூடிய உணரிப் படலமே இலத்திரனியல் தோல் ஆகும்.

1. இயற்கைத் தோலும் இலத்திரனியல் தோலும்

விஞ்ஞான பாடத்தில் கற்ற இயைபாக்கத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். பொருள் தோலில் ஏற்படுத்தும் அமுக்கம் தூண்டல் ஆகும். தோலிலுள்ள வாங்கிகள் அதனைக் கணத்தாக்கமாக மாற்றுகின்றன. அது புலன் நரம்பின் வழியே மூளையை அடைகிறது. பின்னர் விளைவுகாட்டியாகிய தசை சுருங்குகிறது, விரல் இறுகுகிறது. ரொபோவில் இதற்கு ஒப்பானவை வருமாறு:

வாங்கி – அமுக்க உணரி
நரம்பு – மின்சுற்று
மூளை – கணினி
தசை – மோட்டர்

2. அமுக்கம் மின் சமிக்ஞையாவது எவ்வாறு?

இதற்குப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் இரண்டைத் தெளிவாக விளங்கிக்கொண்டால் போதுமானது.

(அ) தடை மாறும் முறை: இறப்பருடன் காரியம் போன்ற கடத்தும் துணிக்கைகள் கலக்கப்படுகின்றன. அழுத்தும்போது துணிக்கைகள் நெருங்குகின்றன, தடை குறைகிறது, மின்னோட்டம் கூடுகிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தக்காவோ சோமேயா குழுவினர் 2004இல் இவ்வாறான இறப்பர்த் தாளையும் வளையக்கூடிய சேதனத் திரான்சிற்றர்களையும் இணைத்து, ரொபோவுக்கான பரந்த உணரித் தாளை உருவாக்கினர். எந்த இடத்தில் அழுத்தம் ஏற்பட்டது என்பதைத் திரான்சிற்றர் வரிசைகள் காட்டிக்கொடுக்கும்.

(ஆ) கொள்ளளவம் மாறும் முறை: கொள்ளளவி என்பது இரு கடத்தித் தட்டுகளுக்கிடையே ஒரு காவலியைக் கொண்டது. தட்டுகள் நெருங்கினால் கொள்ளளவம் கூடும். காவலியாக இறப்பரை இட்டால் அழுத்தத்தை அளக்கலாம் அல்லவா? ஆனால் முழு இறப்பர்ப் படலம் எளிதில் நசுங்காது. ஏனெனில் அது விலகிச் செல்ல இடமில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் செனான் பாவோ குழுவினர் 2010இல் இதற்குத் தீர்வு கண்டனர். இறப்பரை மிக நுண்ணிய கூம்பகங்களாக வார்த்தனர். கூம்பகங்களுக்கு இடையில் வளி இருப்பதால், அவற்றின் கூர் நுனிகள் சிறு விசைக்கும் நசுங்கிக் கொடுத்தன. 20 மில்லிகிராம் திணிவுள்ள ஓர் ஈ அமர்ந்ததையும் அவ்வுணரி அறிந்தது.

அவ்வமுக்கத்தை நாமே கணித்துப் பார்ப்போம்.

ஈயின் நிறை = 0.00002 கிலோகிராம் × 10 = 0.0002 நியூற்றன்
பரப்பளவு = 64 சதுர மில்லிமீற்றர் = 0.000064 சதுர மீற்றர்
அமுக்கம் = விசை ÷ பரப்பளவு = 0.0002 ÷ 0.000064 = அண்ணளவாக 3 பஸ்கால்

வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 100 000 பஸ்கால். அதனுடன் ஒப்பிட்டால் இவ்வுணரியின் நுட்பம் விளங்கும்.

3. வளையவும் வேண்டும், இழுபடவும் வேண்டும்

முழங்கையை மடக்கும்போது தோல் இழுபடுகிறது. நேரான உலோகக் கம்பி அவ்வாறு இழுபட்டால் அறுந்துவிடும். எனவே கம்பியைப் பாம்பு நெளிவதுபோல் வளைத்து அமைக்கின்றனர். இழுக்கும்போது நெளிவு நிமிர்கிறதேயன்றிக் கம்பி அறுவதில்லை. இம்முறையைக் கையாண்டு ஜோன் ரோஜர்ஸ் குழுவினர் 2011இல், ஒட்டுப் பச்சை போல உடலில் ஒட்டக்கூடிய மின்சுற்றை வெளியிட்டனர். அதன் மூலம் இதயத்தினதும் தசையினதும் மின் சமிக்ஞைகளை அளக்க முடிந்தது. உடலில் அணியும் மருத்துவக் கருவிகளுக்கு இது வழிகாட்டியது.

4. அளத்தல் வேறு, உணர்தல் வேறு

இப்பாடத்தின் உயிர்நாடி இதுவே. உணரி அமுக்கத்தை அளக்கிறது. ஆனால் அதனை “உணர்வது” மூளை. ஆகவே சமிக்ஞையை நரம்புக்குக் கொண்டு சேர்த்தாலன்றிச் செயற்கைக் கை அணிந்தவருக்குத் தொடுகை கிடைக்காது.

2014இல் வெளியான ஆய்வொன்றில் அமெரிக்காவின் கேஸ் வெஸ்ரேர்ண் ரிசேர்வ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கையிழந்தவரின் எஞ்சிய கை நரம்புகளைச் சுற்றி மின்வாய்களைப் பொருத்தினர். செயற்கைக் கையிலிருந்த உணரிகளின் சமிக்ஞை அவற்றின் வழியே சென்றது. கண் கட்டப்பட்ட நிலையிலும் செரிப்பழத்தை நசுக்காமல் பிடித்து அதன் காம்பை அகற்ற அவரால் முடிந்தது. இழந்த கையிலேயே தொடுகை நிகழ்வதாக அவர் உணர்ந்தார். 2023இல் ஸ்ரான்போர்ட் குழுவினர் மென்மையான இலத்திரனியல் தோலின் சமிக்ஞையை எலியின் மூளைக்குச் செலுத்தி, அதன் கால் அசைவதையும் காட்டினர்.

எனினும் வியர்வை, தேய்மானம், மின்வலு வழங்கல், உற்பத்திச் செலவு ஆகியன இன்னும் தடைகளாகவே உள்ளன. தொழிற்கூடத்தில் வெற்றி பெறுவது ஒன்று. ஓர் ஏழைத் தொழிலாளியின் கையில் நாள்தோறும் உழைப்பது மற்றொன்று. இவ்விடைவெளியை நிரப்பப் போகிறவர்களுள் நீங்களும் இருக்கலாம்.

பரீட்சைக்கு முன் கவனிக்க:

• விசையும் அமுக்கமும் ஒன்றல்ல. ஒரே விசை சிறிய பரப்பில் தாக்கினால் அமுக்கம் கூடும்.
• திணிவைக் கிலோகிராமிலும் நிறையை நியூற்றனிலும் எழுதுங்கள்.
• “ரொபோ வலியை உணர்கிறது” என எழுதாதீர்கள். “அமுக்கத்தை அளந்து அதற்கேற்ப இயங்குகிறது” என்பதே பொருத்தமானது.

பயிற்சி வினாக்கள்

1. தூண்டல், வாங்கி, விளைவுகாட்டி என்பவற்றை முட்டை பிடிக்கும் உதாரணத்தைக் கொண்டு விளக்குக.
2. கூம்பக வடிவ இறப்பர், முழு இறப்பர்ப் படலத்தை விடச் சிறந்த உணரியாவது ஏன்?
3. 50 கிராம் திணிவுள்ள பொருள் 5 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் தங்கியுள்ளது. அமுக்கம் யாது? (விடை: 1000 பஸ்கால்)
4. “அளத்தல் வேறு, உணர்தல் வேறு.” இக்கூற்றைச் செயற்கைக் கையை உதாரணமாகக் கொண்டு ஐந்து வசனங்களில் விளக்குக.