காலரா நஞ்சு: குடலிலிருந்து மூளை வரை

1959-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாளிட்ட ‘நேச்சர்’ இதழில், கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் பேராசிரியர் சம்பு நாத் டே எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதன் நீளம் இரண்டு பக்கங்களுக்கு மேல் இல்லை. காலராக் கிருமிகளை ஒன்றுவிடாமல் வடிகட்டி நீக்கிய பிறகும், அவை வளர்ந்திருந்த திரவம் முயலின் குடலில் காலராவின் விளைவை உண்டாக்குகிறது என்பதே அக்கட்டுரையின் செய்தி. கிருமி வெளியிடும் ஒரு நச்சுப்பொருளே நோய்க்குக் காரணம் என்பது அதனால் உறுதியாயிற்று. இன்று அந்த நஞ்சின் ஒரு பகுதி, குடலுக்குச் சற்றும் தொடர்பில்லாததாகத் தோன்றும் இடங்களில் பயன்படுகிறது. பிறந்த உயிரின் மூளை எவ்வாறு உருப்பெறுகிறது, அதில் நோய் எதிர்ப்பு அமைப்பின் பங்கு யாது என ஆராயும் ஆய்வுக்கூடங்களில் அது அன்றாடக் கருவியாகிவிட்டது.

முயலும் பட்டு நூலும்

ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில், காலராவினால் இறந்தோரின் குடல்களையும் குளத்து நீரையும் ஆராய்ந்து, காற்புள்ளி வடிவக் கிருமியே நோய்க்குக் காரணம் என்று நிலைநாட்டினார். கிருமி ஏதோ ஒரு நஞ்சை வெளியிடக்கூடும் என்றும் அவர் கருதினார். ஆயினும் அடுத்த 75 ஆண்டுகளில் அந்த நஞ்சை எவராலும் ஐயமறக் காட்ட முடியவில்லை. இத்தனைக்கும் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. ஆய்வாளர்கள் பெரும்பாலும் கிருமியை விலங்குகளின் இரத்தத்திலோ வயிற்றறையிலோ செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் இறந்தன, ஆனால் பேதி உண்டாகவில்லை. செத்த கிருமிகளின் உடலிலிருந்து கசியும் நஞ்சு இரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் தாக்குகிறது என்ற கொள்கையே நெடுங்காலம் கோலோச்சியது.

டே 1915-ஆம் ஆண்டு ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்னும் ஊரில் பிறந்தவர். லண்டனில் சர் ராய் காமரூனிடம் ஆராய்ச்சி செய்தபோது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலை அவருடைய ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாக இருந்தது. இரத்தத்திலிருந்து நீர் ஏன் வெளியேறுகிறது, எங்கே சேர்கிறது என்னும் வினாவுடன் பழகியவர், 1949-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பியபின் காலராவையும் அதே கண்கொண்டு நோக்கினார். நோயாளி இழப்பது நீர். அந்நீர் வெளியேறும் இடம் குடல். அவ்வாறாயின் கிருமியைக் குடலுக்குள்ளேயே வைத்துப் பார்ப்பதுதானே முறை?

1953-இல் டே தம் உடன் பணியாளர் சாட்டர்ஜியுடன் சேர்ந்து வெளியிட்ட முறை மிக எளிமையானது. மயக்கமுற்ற முயலின் சிறுகுடலில் சுமார் நான்கு அங்குல நீளத்தை இரு முனைகளிலும் பட்டு நூலால் கட்டிவிட்டு, அதனுள் கிருமி வளர்ந்த திரவத்தைச் சிறிதளவு செலுத்தினர். மறுநாள் பார்க்கும்போது அந்தக் குடற்பகுதி நீர் நிரம்பிப் பருத்திருந்தது. கிருமியில்லாத திரவத்தைச் செலுத்திய பகுதியோ சுருங்கியே கிடந்தது. 1956-இல், குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பேதி உண்டாக்கும் சிலவகை ஈ. கோலைக் கிருமிகளும் இவ்வாறே குடலை நீரால் நிரப்புகின்றன என்பதை டே குழுவினர் காட்டினர். பின்னால் வரப்போகும் ஒரு செய்திக்காக இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1959-ஆம் ஆண்டின் சோதனை, இம்முறையில் வடிகட்டிய திரவத்தைப் பயன்படுத்தியதேயாகும். முயல், நூல், பெப்டோன் நீர், வடிகட்டி ஆகியவற்றுக்கு மேல் அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. அதே ஆண்டு பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் நிர்மல் குமார் தத்தாவும் உடன் பணிபுரிந்தோரும், முயல் குட்டிகளைக் கொண்டு வேறு வழியில் இதையொத்த முடிவுக்கு வந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

நஞ்சு செய்யும் வேலை

1969-இல் அமெரிக்காவில் ஃபின்கெல்ஸ்டைனும் லோஸ்பல்லூட்டோவும் இந்நஞ்சைத் தூய வடிவில் பிரித்தெடுத்தனர். அது ஒரு புரதம். இரு பகுதிகள் கொண்டது. ‘பி’ என்னும் பகுதி ஐந்து ஒத்த துண்டுகள் சேர்ந்த வளையம். அதன் மேல் அமர்ந்திருப்பது ‘ஏ’ என்னும் பகுதி. பி பகுதிக்கு நச்சுத்தன்மை இல்லை. பற்றிக்கொள்வது மட்டுமே அதன் பணி. குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களின் புறச்சவ்வில் ஜி.எம்.1 என்னும் கேங்லியோசைடு வகைக் கொழுப்புப்பொருள் துருத்திக்கொண்டிருக்கிறது. பி வளையம் அதைப் பற்றிக்கொண்டதும் நஞ்சு அணுவினுள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. உள்ளே சென்ற ஏ பகுதி, அணுவின் கட்டளைகளை முறைப்படுத்தும் ஒரு புரதத்தை ஓயாமல் இயங்கும் நிலையில் பூட்டிவிடுகிறது. விளக்கை ஏற்றிவிட்டு விசையை உடைத்து எறிந்தாற்போன்ற நிலை இது. உப்புகள் குடலுக்குள் கொட்டுகின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறுவதுண்டு.

இத்தனை சேதத்திலும் குடற்சுவர் அழிவதில்லை என்பதே நோயாளியைக் காப்பாற்றும் உண்மை. சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து உட்புகும் வழியை நஞ்சு அடைப்பதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் பெருந்திரளாக வந்து தங்கிய போன்காவ் முகாமில் நரம்புவழி செலுத்தும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்த வேளையில், டாக்டர் திலீப் மகலானபிஸ் குளுக்கோசும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தார். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த சாவு, நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

எதிர்ப்பாற்றல் எங்கே தேவை?

காலராவுக்குத் தடுப்பூசி என்பது கல்கத்தாவுக்குப் புதிதன்று. 1894-இலேயே வால்டெமார் ஹாஃப்கின் இந்நகரின் சேரிகளில் தம் ஊசி மருந்தைச் சோதித்தார். ஆயினும் ஊசிவழிப் பாதுகாப்பு அரைகுறையாகவும் சில மாதங்களே நீடிப்பதாகவும் இருந்தது. பயணிகளிடம் காலரா ஊசிச் சான்றிதழ் கேட்கும் வழக்கத்தை 1973-இல் உலக சுகாதார சபை கைவிட்டது.

காரணம் எளிதில் விளங்குவதே. ஊசியால் எதிர்ப்பொருள்கள் மிகுதியாக உருவாவது இரத்தத்தில். காலராக் கிருமியோ இரத்தத்துக்குள் நுழைவதே இல்லை. குடலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அங்கிருந்தே நஞ்சைச் சொரிகிறது. வாயிற்படியில் நிற்கும் திருடனைத் தடுக்கக் கொல்லைப்புறத்தில் காவல் வைத்ததைப் போன்றது பழைய ஊசி. குடலுக்கெனத் தனியான எதிர்ப்பு அமைப்பு உண்டு. குடற்சுவரில் பதிந்துள்ள நிணத்திட்டுகளில் பயிற்சி பெறும் அணுக்கள், ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்பொருளைக் குடலுக்குள்ளேயே சுரக்கின்றன. அவற்றைத் தூண்ட வேண்டுமானால் மருந்து வாய்வழியே செல்ல வேண்டும். குடற்சுவரைத் தானே பற்றிக்கொள்ளும் நஞ்சற்ற பி பகுதியைச் செத்த கிருமிகளுடன் சேர்த்து ஸ்வீடனில் உருவாக்கிய சொட்டு மருந்து இந்த அடிப்படையில் எழுந்ததே.

இவ்வெதிர்ப்பாற்றலின் எல்லையை 1992 நன்கு உணர்த்தியது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் சென்னையிலும், பின்னர் கல்கத்தாவிலும் டாக்காவிலும் ஓ139 என்னும் புதுவகைக் காலராக் கிருமி பரவிற்று. அது வெளியிட்ட நஞ்சு பழைய நஞ்சே. மேலுறையின் அமைப்பு மட்டும் மாறியிருந்தது. அந்த மாற்றமே போதுமானதாயிற்று. பழைய வகைக்குப் பல ஆண்டுகளாக எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களும் நோயுற்றனர்.

இரு வகைக் கிருமிகளையும் கொன்று சேர்த்த, விலை குறைந்த சொட்டு மருந்து ஒன்று 2006-இல் கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் சோதிக்கப்பட்டது. தேசியக் காலரா, குடல்நோய் நிறுவனமும் சியோலில் உள்ள பன்னாட்டுத் தடுப்பு மருந்து நிறுவனமும் இதில் ஈடுபட்டன. ஏறத்தாழ 67,000 பேர் இரு தவணைகள் பெற்றனர். அவர்களுள் ஒரு பாதியினருக்குத் தடுப்பு மருந்தும், மறுபாதியினருக்கு ஒப்புநோக்குக்கான வெற்று மருந்தும் அளிக்கப்பட்டன. ஐந்தாண்டு முடிவில் பாதுகாப்பு 65 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது. இந்த மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2011-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பாதுகாப்பு சுமார் 42 விழுக்காடு மட்டுமே. நோயால் மிகவும் வாடும் வயதினருக்கே மருந்து குறைவாகப் பயன்படுவது, இத்துறையில் இன்னும் தீராத குறை.

நரம்பை நாடும் நஞ்சு

ஜி.எம்.1 பொருள் குடலில் மட்டும் இருப்பதன்று. ‘கேங்லியோசைடு’ என்ற பெயரே நரம்பு முடிச்சுகளில் உள்ள அணுக்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. உடலில் இவ்வகைப் பொருள்கள் மிகச் செறிந்திருக்கும் இடம் மூளையே. காலரா நஞ்சு வாய்வழி வருவதால் மூளையை எட்டுவதில்லை. வேறு வழியில் வந்தால் நேரும் இடரை 2000-01-ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் ஸ்விட்சர்லாந்து கண்டது. அங்கு மூக்கில் தெளிக்கும் இன்ஃபுளூயன்சா தடுப்பு மருந்தொன்றில், எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்காக ஈ. கோலைக் கிருமியின் நஞ்சு சேர்க்கப்பட்டிருந்தது. காலரா நஞ்சின் உடன்பிறப்பு எனத்தக்க இதுவும் ஜி.எம்.1 பொருளையே பற்றுவது. மருந்து பெற்றோரிடையே முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும் முகவாதம் வழக்கத்தைவிட மிகுதியாகக் காணப்பட்டது. மருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. நஞ்சே இதற்குக் காரணம் என்று வலுவாக ஐயுறப்படுகிறது.

ஒரு துறையில் இடராக நின்ற பண்பை மற்றொரு துறை பயனாக்கிக்கொண்டது. நச்சுத்தன்மை நீங்கிய பி பகுதியை ஒளிரும் சாயத்துடன் இணைத்து நரம்பணுவின் அருகே இட்டால், அணு அதை விழுங்கி, தன் நீண்ட இழை நெடுகிலும் கொண்டுசெல்கிறது. கண்ணில் இட்ட சாயம், கண்ணின் நரம்பிழைகள் மூளையில் எங்கெங்கே முடிகின்றன என்பதை நுண்நோக்கியில் காட்டிவிடுகிறது.

பிறந்த சுண்டெலியின் இரு கண்களிலும் வெவ்வேறு நிறச் சாயம் இட்டுப் பார்த்தபோது, மூளையின் பார்வை நிலையமொன்றில் இரு கண்களின் இழைகளும் முதலில் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதும், கண் திறக்கும் முன்னரே அவை தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்துவிடுவதும் தெளிவாகத் தெரிந்தன. மூளை முதலில் தேவைக்கு மேல் இணைப்புகளைப் படைக்கிறது. பின்னர் மிகையானவற்றைக் களைகிறது. நெருக்கமாக விதைத்த நாற்றைக் கலைப்பதைப் போன்றது இது. களைவது யார் என்பதே கேள்வி.

விடை நோய் எதிர்ப்பு அமைப்பிலிருந்து வந்தது. கிருமிகளின் மேல் ஒட்டிக்கொண்டு, ‘இதை அழிக்க’ என அடையாளம் இடும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் இரத்தத்தில் உண்டு. அவற்றுள் சி1க்யூ, சி3 ஆகியவை வளரும் மூளையின் நரம்பிணைப்புகளிலும் காணப்படுவதாக பெத் ஸ்டீவன்ஸும் உடன் பணிபுரிந்தோரும் 2007-இல் அறிவித்தனர். இவை இல்லாத சுண்டெலிகளில் கண்ணிழைகள் சரிவரப் பிரியவில்லை. மைக்ரோகிளியா என்பவை கருப்பருவத்திலேயே மூளைக்குள் குடியேறும் விழுங்கணுக்கள். கிருமியையும் கழிவையும் அகற்றுவதே அவற்றின் பணி என்று எண்ணப்பட்டு வந்தது. 2012-இல் டோரத்தி ஷேஃபரும் ஸ்டீவன்ஸும் சாயமேற்றிய காலரா நஞ்சின் பி பகுதியைச் சுண்டெலியின் கண்களில் இட்டு, பின்னர் மைக்ரோகிளியாவின் உள்ளே நோக்கினர். விழுங்கப்பட்ட இணைப்புகளின் துணுக்குகள் அங்கே ஒளிர்ந்தன. சி3 இல்லாத சுண்டெலிகளில் விழுங்குதல் குறைந்திருந்தது. உடலைக் காக்கும் அணுக்களே மூளையைச் செதுக்கவும் செய்கின்றன என்பதற்கு இது கண்கூடான சான்றாயிற்று.

டே இவற்றைக் காண உயிருடன் இல்லை. 1978-இல் நோபல் அறக்கட்டளையின் காலரா பற்றிய கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார். தாயகத்தில் பெரிய விருது ஏதும் கிடைக்காமலேயே 1985 ஏப்ரல் 15-இல் அவர் காலமானார். பெங்களூரின் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழ் அவருக்கெனச் சிறப்பிதழ் கொண்டுவந்தது 1990-இல்தான். உடனடிப் பயன் என்னவென்று கேட்டுப் பணம் ஒதுக்கும் குழுவொன்று 1959-இல் அவருடைய முயல்களை நோக்கியிருந்தால், மூளை என்ற சொல் அதன் குறிப்பேட்டில் ஏறியிருக்க வாய்ப்பே இல்லை.

சுண்டெலியில் கண்டதை மனிதக் குழந்தைக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. கண்ணில் சாயமிட்டு மனித மூளையை ஆராய இயலாது. மரபுப் பதிவுகளும், இறந்தோர் தானமளித்த மூளைத் திசுக்களுமே இங்கு துணை. சி4 என்னும் மற்றொரு காம்ப்ளிமென்ட் புரதத்தை மூளையில் மிகுதியாக உண்டாக்கும் மரபுக்கூறுகள் உடையோருக்கு ஸ்கிஸோஃப்ரீனியா என்னும் மனநோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என 2016-இல் வெளியான பெரிய ஆய்வொன்று கண்டது. இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டும் இளமைப் பருவத்தில் மூளையின் முன்புறத்தில் இணைப்புகளைக் களையும் பணி இன்னும் முடிந்திருப்பதில்லை. அப்பணி அளவு மீறுவதுதான் நோயின் வித்தா என்பதை அறுதியிடும் சோதனை இனித்தான் வர வேண்டும்.